கடைசித் தேதிக்கு முன்பே ஒரு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று எங்கள் அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல் துறையில் நடந்த மாணவர் கருத்தரங்கும், அதையொட்டிய மேற்படிப்பு, வேலைவாய்ப்பு விளக்கக் கூட்டமும் நல்லபடியாக முடிந்தன. நன்றியுரை என் பொறுப்பு. ஆனால் டவுன் பஸ் கிளம்பிவிடும் என்று ஒருவர் எழுந்தார், அவரைப் பார்த்துப் பாதி அரங்கு எழுந்தது. எழுதிவைத்திருந்த இரண்டு பக்கமும் என் கையிலேயே நின்றுவிட்டன. ஆகவே இந்த மடல். மேடையில் சொல்லத் தயங்கியிருக்கக்கூடிய சிலவற்றையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கூட்டம் ஒரு கோபத்தில் பிறந்தது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ என்றொரு நுழைவுத் தேர்வு இருப்பதை எங்கள் வகுப்பு கேள்விப்பட்டது மூன்றாம் ஆண்டு நவம்பரில். விண்ணப்பம் அக்டோபரிலேயே முடிந்துபோயிருந்தது. ஏறத்தாழ நாங்கள் பிறந்த காலத்திலிருந்து நடக்கும் தேர்வு அது! யாரைக் குறை சொல்வது? அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டுமானால் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் துறையிலிருந்து அந்த வழியில் போனவர் ஒரே ஒருவர்தான்.

முதல் நன்றி அந்த அக்காவுக்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர், இரவு பஸ்ஸில் வந்து, முகம் கழுவிக்கொண்டு நேரே அரங்குக்கு வந்தார். ஊக்கமூட்டும் உரை எதையும் அவர் ஆற்றவில்லை. கரும்பலகையில் கோடு போட்டு, தேர்வு மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள் என்று எழுதினார். விடையாக வரும் எண்ணை நாமே கணக்கிட்டுப் பதியும் பகுதியில் தவறானாலும் மதிப்பெண்ணைக் கழிக்க மாட்டார்கள், அதைக் காலியாக விட்டு வராதீர்கள் என்றார். இந்த ஒரு வரிக்காகவே வந்தது வீண்போகவில்லை என்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

அதைவிட அரங்கை நிமிர்ந்து உட்கார வைத்தது, நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித் திட்டம். இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரிடம் இருந்து வேலை பழகலாம். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருகிறார்கள். அக்கா அப்படித்தான் சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்குப் போனாராம். முதல் வாரம் யாரிடமும் பேசாமல் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்ததையும், வழிகாட்டியே தேடி வந்து “சாப்பிட்டாயா?” என்று தமிழில் கேட்டதையும் சொன்னபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது.

அந்த விண்ணப்பத்துக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கோபத்தோடு கோபமாகச் சென்ற நவம்பரில் இதையாவது விடக் கூடாது என்று பதினொரு பேர் விண்ணப்பித்தோம். எங்கள் துறைத் தலைவர் அம்மா பதினொன்றையும் தனித்தனியாக எழுதினார். பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு எழுதியதில் “செய்முறை வகுப்பில் கருவி பழுதானால் இவர் கிளம்பிப் போவதில்லை” என்று ஒரு வரி இருந்ததாகப் பின்னர் அறிந்தேன். முடிவு இன்னும் வரவில்லை. அந்த வரி வந்துவிட்டது. நன்றி அம்மா.

காலையில் பேசிய ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயாவுக்கு: ராமன் விளைவைப் பற்றிப் பள்ளியிலிருந்தே கேட்டு அலுத்திருந்தோம். 1928-இல் ராமனுடன் அந்தச் சோதனைகளைச் செய்த கே. எஸ். கிருஷ்ணன், தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1898-இல் பிறந்தது நம் வத்திராயிருப்பில் என்று நீங்கள் சொன்னதும் கடைசி வரிசையில் ஒரு கூச்சல் கேட்டதே, அது வத்திராயிருப்பிலிருந்து தினமும் வந்து படிக்கும் எங்கள் நண்பன். அடக்கமில்லாததற்கு அவன் சார்பில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அதிகக் கூட்டம் சேர்ந்தது குரூப் 4 தேர்வில் வென்று இளநிலை உதவியாளராக இருக்கும் அண்ணனைச் சுற்றித்தான். இயற்பியல் படித்துவிட்டு இதற்கா இவ்வளவு கூட்டம் என்று நான்கூட முதலில் முகம் சுளித்தேன். அப்புறம் வெட்கப்பட்டேன். அப்பாவின் தீப்பெட்டி ஆலைக் கூலியில் படிப்பவர்களுக்கு, இருநூறு கேள்வியில் நூறு தமிழ், அதற்குப் பள்ளிப் பாடநூலே போதும் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று எனக்குத் தெரியாமலா? அண்ணன் தன் பழைய குறிப்பேடுகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். துறை நூலகத்தில் இருக்கின்றன, வரிசை போட்டு வாங்கிப் போகிறார்கள்.

இப்போது பணத்தின் கதை. ஒரு பயிற்சி நிலையம் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு, வருகிறவர்கள் அனைவரின் கைபேசி எண்ணும் பட்டியலாக வேண்டும் என்றது. மறுத்தோம். மதியச் சாப்பாடு அவர்களோடு போய்விட்டது. கல்லூரி உணவகத்து அக்காதான், “எலுமிச்சைச் சோறு கிண்டிப் போடுகிறேன், காசு எப்போது வருகிறதோ அப்போது கொடுங்கள்” என்றார். பழைய மாணவர்கள் ஐந்நூறும் ஆயிரமுமாக அனுப்பியதில் அக்காவின் கணக்கை மறுநாளே தீர்த்துவிட்டோம் என்பதை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்லோரையும்விடச் சிவகாசி அச்சக ஐயாவைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். சான்றிதழ் அடிக்கப் போனோம். எந்தெந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று நாங்கள் எழுதி வைத்திருந்த தாள் அவர் கண்ணில் பட்டது. “இதை ஒற்றைத் தாள் காலண்டராக அடித்துத் தந்தால் சுவரில் தொங்குமே” என்றார். தைக்குப் பிறகு காலண்டர் வேலை ஓய்ந்திருக்கும், எந்திரம் சும்மாதான் இருக்கிறது, மீந்த தாளும் கிடக்கிறது என்று காரணம் வேறு சொன்னார். நாங்கள் இந்த ஆண்டுத் தேதிகளை அப்படியே போட்டிருந்தோம். நாற்பது ஆண்டுகள் காலண்டர் அடித்தவர் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். “தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும். மாதத்தை மட்டும் அச்சடிப்போம். தேதிக்குக் கட்டம் விடுவோம், அறிவிப்பு வந்ததும் அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.” அப்படியே ஆனது. ஜூனில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. செப்டம்பரில் ஜாம், நவம்பரில் அகாதெமிகள், டிசம்பர், ஜனவரியில் திருவாரூர் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு. முந்நூறு பிரதி. காசு வாங்கவில்லை. அடியில் அச்சகத்தின் பெயரைப் போடச் சொன்னோம். சிரித்துவிட்டு, “அதை எங்கள் காலண்டர் மாதிரி ஆல்பத்தில் போட்டுக்கொள்கிறேன்” என்றார்.

சான்றிதழைக் கடைசியில்தான் தருவோம் என்று அறிவித்ததற்கு என்னைத் திட்டியவர்களுக்கும் நன்றி. சான்றிதழுக்காக உட்கார்ந்திருந்தவர்கள்தான் கடைசி அமர்வையும் கேட்டார்கள்.

5.10 டவுன் பஸ்ஸின் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும்: நாற்பது மாணவிகள் ஓடி வருவதைப் பார்த்து ஏழு நிமிடம் நிறுத்தி வைத்தீர்கள். அதை விட்டிருந்தால் மலையடிவாரத்து ஊர்களுக்கு அடுத்த வண்டி இரவு எட்டு மணிக்குத்தான். அடுத்த முறை நாலரைக்கே முடித்துவிடுவோம்.

கணக்கு: எல்லாச் செலவும் போக 1,130 ரூபாய் மீதி. அறிவிப்புப் பலகைக்குப் புதுக் கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறோம். காலண்டர் இன்னும் நாற்பதுக்கு மேல் இருக்கிறது, பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வந்து எடுத்துக்கொள்ளலாம். கட்டங்களில் பென்சிலால் எழுதவும்.

அரங்கில் ஒரு கறுப்புக் குடை, மூடி இல்லாத ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், இடதுகால் செருப்பு ஒன்று ஆகியவை கிடைத்தன. உரியவர்கள் துறை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கருத்தரங்கக் குழு சார்பில்,
மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி