பொது அறிவு வகுப்பும் சித்தம்பூண்டிப் பாறையும்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பள்ளி வாசல் வரை வந்து பிள்ளைகளை விட்டுப்போகிற அப்பாரு, அம்மாயிகளுக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அறிவியல் செய்திகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். "இதெல்லாம் பரீட்சைக்கு வருமாங்க?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். பின்னாளில் டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் உதவும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த முறையில் படித்தால் உதவும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விடுமுறைக்கு முன்பு எட்டாம் வகுப்பில், 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு யாருக்கு என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி என்று மூச்சு விடாமல் சொன்னான். எதுக்குக் கொடுத்தாங்க கண்ணு என்றேன். "நோய் எதிர்ப்பு, சார்" என்றான். அதற்கு மேல் அவன் வாங்கிய கைடில் இல்லை. பையன் கெட்டிக்காரன். நாம் அவன் கையில் கொடுத்த புத்தகம் அவ்வளவுதான்.

அன்றைக்கே உட்கார்ந்து பேசினோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியைத் தாக்க வேண்டியது. சில பேருக்கு அது தன் உடம்பையே தாக்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் அப்படி வருவதுதான்: கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பே அழித்துவிடுகிறது. இப்படி எல்லை மீறாமல் தடுக்கிற தனி வகை வெள்ளணுக்கள் உண்டு என்று சகாகுச்சி 1995இல் காட்டினார். ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதானால் அந்தத் தடுப்பு குலைந்துபோகிறது என்று மற்ற இருவரும் 2001இல் கண்டார்கள். அந்த வெள்ளணுக்களை உருவாக்குவதே அந்த மரபணுதான் என்று சகாகுச்சி 2003இல் இரண்டையும் சேர்த்துக் காட்டினார். இவ்வளவும் கேட்டபிறகு ஒரு பெண் பிள்ளை, "அப்போ இன்சுலின் ஊசி போடற பிள்ளைங்க மிட்டாய் நிறையச் சாப்பிட்டதால வந்ததில்லையா சார்?" என்றாள். இல்லவே இல்லை. அந்தக் கேள்வி எந்த கைடிலும் கிடையாது. நான் விரும்புகிற பொது அறிவு அதுதான்.

அப்புறம், நம் பிள்ளைகளுக்கு அறிவியல் செய்தி என்றால் எங்கேயோ வெளிநாட்டில் நடப்பது என்ற எண்ணம் இருக்கிறது. அதை எடுக்கத்தான் முதல் வெள்ளிக்கிழமை வகுப்பைச் சந்திரயான்-3இல் ஆரம்பித்தேன். 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை 6.04க்கு விக்ரம் கலம் நிலவின் தென் துருவப் பகுதியில் இறங்கியதை உங்களில் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பே நம் மாவட்டத்து மண் அந்தப் பயணத்துக்கு வேலை செய்திருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

நிலவில் இறங்குகிற கலத்தையும் ஊர்தியையும் இங்கே சோதித்துப் பார்க்க நிலவு மண் மாதிரியே மண் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போகிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் உள்ளிட்டவர்களின் துணையோடு, அந்தப் பாறையை வேண்டிய அளவுக்குப் பொடித்து, டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதைப் பரப்பி ஊர்தியை ஓட்டிப் பார்த்தார்கள். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால், ஹீலியம் பலூன் கட்டி ஊர்தியின் பாரத்தைக் குறைத்து ஓட்டினார்கள். இதைச் சொன்னதும் ஏழாம் வகுப்பில் ஒரு பையன், "சார், எங்க பெரியப்பா தோட்டம் சித்தம்பூண்டியிலதான் இருக்கு" என்று எழுந்து நின்றுவிட்டான். வகுப்பு மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது.

இதன் அடுத்த பாகம்தான் எனக்கு இன்னும் பிடித்தது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி நிலவில் சுமார் 100 மீட்டர் தூரம் ஓடியது. வழியில் 23 தடவை நின்று, ஆல்ஃபா துகள்களையும் எக்ஸ் கதிர்களையும் மண்மேல் செலுத்தி, மண்ணிலிருந்து திரும்பி வருகிற எக்ஸ் கதிரை அளந்தது. எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தக் கதிரே சொல்லிவிடும். முடிவு 2024 ஆகஸ்டில் வந்தது: அங்கே இருப்பது பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தசைட். சித்தம்பூண்டிப் பாறையின் சொந்தக்காரக் கல்! தொடக்கத்தில் நிலவு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது என்றும், காய்ச்சிய பாலில் ஆடை மேலே நிற்பதுபோல லேசான தாதுக்கள் மிதந்துவந்து இறுகித்தான் நிலவின் மேலோடு ஆனது என்றும் ஒரு கருத்து பல ஆண்டுகளாக உண்டு. துருவத்துக்கு அருகிலும் அதே பாறை கிடைத்தது அதற்குப் பெரிய பலம். விக்ரமில் இருந்த வெப்பமானி காட்டியது இன்னொரு விசித்திரம். மேல்மண்ணில் 50 டிகிரிக்கும் மேலே. 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி அளவு. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. காற்றில்லாத இடத்தில் பொலபொலவென்று கிடக்கும் அந்த மண் வெப்பத்தைக் கீழே விடுவதே இல்லை. நம் தோட்டத்து மண்ணில் மத்தியானம் வெப்பமானியைக் குத்திப் பார்க்கச் சொல்லி ஒன்பதாம் வகுப்புக்கு வேலை கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் வெயிலில் குழி தோண்டினால் திட்டாதீர்கள்.

பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரைதான் 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் வடக்கே போய் மாதக்கணக்கில் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிற அப்பாக்கள் நம் பள்ளியில் நிறையப் பேர். அதனால் நிசார் செயற்கைக்கோளையும் எடுத்துக்கொண்டோம். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. சாதாரண கேமரா போல வெளிச்சத்தை நம்பாமல், தானே ரேடார் அலையை அனுப்பித் திரும்ப வாங்குகிறது. அதனால் மேகம் மூடினாலும் இரவானாலும் அதற்குக் கண் தெரியும். 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு மேலே வரும். தரை சில சென்டிமீட்டர் இறங்கினாலோ ஏறினாலோ கண்டுபிடித்துவிடும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சுகிற வண்டல் மண் ஊர்களில் தரையே மெல்ல இறங்கும். நம்முடையது கடும்பாறை நிலம், அப்படி எளிதில் இறங்காது. ஆனால் மேல்மண்ணில் ஈரம் எவ்வளவு என்பது நமக்கும் உதவும். ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "சாட்டிலைட்டில் பார்த்து போர் பாயின்ட் சொல்கிறேன், இத்தனை ஆயிரம் கொடுங்கள்" என்று நிசார் பெயரைச் சொல்லி யாராவது வந்தால் நம்பாதீர்கள். பாறையில் எந்த வெடிப்பில் தண்ணீர் ஓடுகிறது என்று காட்டுவதற்காக அதைச் செய்யவில்லை.

மருத்துவத்தில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அரிவாள் செல் நோய்க்கு. காரணம், இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டதே நமக்கு மேற்கே நீலகிரி மலை மக்களிடம்தான், 1952இல். ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போகிறது. வட்டமான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாயில் அடைத்துக்கொள்கிறது. தாங்க முடியாத வலி வரும். தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கிறது, பிறந்த சில மாதங்களில் அது நின்றுவிடுகிறது. நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அந்த நிறுத்தும் விசையை வெட்டிவிட்டுத் திரும்பச் செலுத்தினால், குழந்தைக்கால ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கிறது. கேஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. கிரிஸ்பர் முறையை உருவாக்கிய இமானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவருக்கும் 2020லேயே நோபல் பரிசு கிடைத்துவிட்டது.

இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அமெரிக்காவில் அந்தச் சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர். கூடலூர் பக்கத்து பணியர் குடும்பமோ இருளர் குடும்பமோ அதைக் கனவிலும் நினைக்க முடியாது. இன்று அவர்களுக்கு உதவுவது ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைதான். கணவன், மனைவி இருவரும் அந்த மரபணுவை ஒன்று வீதம் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. கண்டுபிடிப்பைச் சொல்லும்போது அதன் விலையையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலிஸ்டின் என்பது வேறு மருந்து எதுவும் கேட்காதபோது மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி. தீவனத்தில் அதைக் கலந்துகொண்டே இருந்தால் அதற்கும் அடங்காத கிருமி வளர்ந்துவிடும் என்பதால், 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடை, கோழி வளர்ப்பில் அதற்குத் தடை போட்டது. உங்கள் பிள்ளை தீவன மூட்டையின் லேபிளைப் படித்துக் காட்டச் சொன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. இப்போது வீட்டுப்பாடத்தை அதனிடமே எழுதி வாங்கி வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தடை போடச் சொல்லவில்லை. செயற்கை நுண்ணறிவால் பெரிய காரியம் நடக்கிறது: புரதங்களின் வடிவத்தைக் கணித்ததற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024 வேதியியல் நோபலில் பாதி கிடைத்தது. அவர்கள் கணித்த வடிவங்களை ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த வடிவங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளும் போன் சொன்ன பதிலைப் பாடநூலிலோ நூலகத்திலோ இன்னொரு தடவை பார்த்து, எங்கே பார்த்தோம் என்று நோட்டில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்திக்கும் இதே விதிதான். இதைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் ஃபார்வர்டு செய்துகொண்டிருந்தால் எடுபடாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது, "இன்னைக்கு என்ன சேதி, அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்களாம்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, கேட்டாலே போதும். தறி, ரிக், பண்ணை, லாரி பாடி பட்டறை என்று எந்தத் தொழிலில் இருந்தாலும், உங்கள் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை வந்து சொல்ல முடிந்தால் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். அழுக்குச் சட்டையோடு வந்தாலும் எங்களுக்கு மரியாதைக்குரிய விருந்தாளி நீங்கள்.

கடைசியாக, அடுத்த மாதம் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை சித்தம்பூண்டிக்கு அழைத்துப்போகிறோம். ஒப்புதல் சீட்டு இந்தக் கடிதத்தின் கீழே இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், செருப்புக்குப் பதில் ஷூ, கட்டுச்சோறு இவை போதும். காசு எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். காலை 7.30க்குப் பள்ளியிலிருந்து கிளம்பி மத்தியானம் 2 மணிக்குள் திரும்பிவிடுவோம். வெயில் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்