மெத்தையை எடை போட்டு வாங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ வாங்கப்போகும் மெத்தைக்கு 10 வருஷ வாரண்டி என்று சொன்னதும் சரி என்று சொல்லிவிட்டேன். ராத்திரி மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அந்த 10 வருஷத்தை நம்பி பணம் கட்டாதே.

நீ காலேஜில் இருந்தபோது அம்மாவின் இடுப்பு வலிக்காக மதுரையில் ஒரு கடையில் தேங்காய் நார் மெத்தை வாங்கினோமே, நினைவிருக்கிறதா? கையால் அழுத்தினால் பலகை மாதிரி இருந்தது, கெட்டியாக இருக்கிறதே, காலத்துக்கும் உழைக்கும் என்று நினைத்தேன். மூன்று வருஷத்தில் அம்மா படுக்கும் பக்கம் பள்ளம் விழுந்துவிட்டது. வாரண்டி இருக்கிறதே என்று கூப்பிட்டோம். வந்தவர் மெத்தைக்குக் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, ஸ்கேலை வைத்துப் பார்த்து, ஒரு அங்குலத்துக்குக் குறைவு, இது வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு வலி அந்த முக்கால் அங்குலத்திலேயே வந்துவிட்டது. வாரண்டி அட்டையில் வருஷத்தை விட முக்கியம் எத்தனை அங்குலப் பள்ளத்துக்குப் பொறுப்பு, கறை பட்டால் செல்லுமா, வருஷம் போகப் போக எவ்வளவு பணம் கழிப்பார்கள் என்பதுதான். அதைப் படித்துவிட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

நீ பார்த்திருப்பது ஃபோம் மெத்தை என்றாய். ஃபோமில் கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு, இது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. லேசான ஃபோமைக்கூட கெட்டியாகச் செய்ய முடியும், கடையில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோ சரக்கு இருக்கிறது என்ற கணக்கு. சரக்கு குறைந்தால் உள்ளே காற்றுதான் அதிகம், தினமும் எட்டு மணி நேரம் பாரம் ஏறினால் சீக்கிரம் தொய்ந்துவிடும். சாதாரண ஃபோமில் 32க்குக் குறைந்தால் வேண்டாம், 40 கிடைத்தால் நல்லது, மெமரி ஃபோம் (அழுத்தினால் அமுங்கி, மெதுவாக மேலே எழும்புகிற வகை) என்றால் 50க்கு மேல் கேள். மாப்பிள்ளை 90 கிலோ இருக்கிறார், அதனால் நீங்கள் 40க்குக் கீழே போகாதீர்கள். ரீபாண்டட் ஃபோம் என்றால் டென்சிட்டி 80, 100 என்று சொல்வார்கள். அது வெட்டி மிஞ்சிய துண்டுகளை அழுத்தி ஒட்டியது, அந்த எண்ணை இதோடு ஒப்பிடக் கூடாது.

எந்த அடுக்கின் டென்சிட்டியைச் சொல்கிறார்கள் என்பதையும் கேள். அடியில் இருக்கும் தடித்த ஃபோமைச் சொல்லிவிட்டு, மேலே இருக்கும் மெத்தென்ற இரண்டு அங்குலத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், பெரும்பாலும் முதலில் தொய்ந்துபோவது அந்த மேல் அடுக்குதான். உறையில் ஜிப் இருந்தால் திறந்து பார், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அவர்கள் சொல்வது நிஜமா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். நீ சொன்ன 75 அங்குல நீளம், 60 அங்குல அகலம், ஆறு அங்குலத் தடிமன் உள்ள மெத்தை கிட்டத்தட்ட 0.44 கன மீட்டர். முழுக்க 32 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் 14 கிலோ வர வேண்டும், 40 என்றால் 17, 18 கிலோ. உறைக்கு ஒன்றிரண்டு கிலோ கூட்டிக்கொள். சுருட்டி வரும் பெட்டியைப் பிரித்ததும் மாப்பிள்ளையை மெத்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறச் சொல், அப்புறம் அவர் எடையைக் கழித்துவிடு. 11, 12 கிலோதான் வருகிறது என்றால் திருப்பி அனுப்பிவிடு. 100 ராத்திரி படுத்துப் பார்க்கலாம் என்கிறார்களே, அதில் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று தெரியும், எத்தனை வருஷம் உழைக்கும் என்று தெரியாது.

கட்டிலையும் பார்த்துக்கொள். பலகைக் கட்டைகளுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் எந்த மெத்தையும் தொங்கும், மேலே ஒரு பிளைவுட் போட்டுவிடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடு.

இன்னொன்று, வெயிலில் காய வைக்காதே. போடியில் தாத்தா வீட்டு இலவம்பஞ்சு மெத்தைகளை மாடியில் போட்டு, கம்பால் தட்டி, ராத்திரி சூட்டோடு விரிப்பார்களே, அந்தப் பழக்கத்தில் நான் உன் பழைய ஃபோம் மெத்தையையும் கோடை முழுக்கக் காயப் போட்டேன். உறை கிழிந்திருந்த ஓரத்தில் மஞ்சளாகி, விரல் வைத்தால் தூள் தூளாக உதிர்ந்தது. பஞ்சுக்கு வெயில் உயிர், ஃபோமுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து காற்றாட வைத்தாலே போதும்.

காலையில் எழுந்தால் இடுப்பு பிடிக்கிறது என்று நீ சொன்னதுதான் எனக்குக் கவலை. விலை கூடினால் யோசிக்காதே, பாதி நான் போடுகிறேன். சனிக்கிழமை கடைக்குப் போனதும் அங்கிருந்தே கூப்பிடு, கடைக்காரரிடம் நானே டென்சிட்டி கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா