பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். மழையில் முருங்கைப் பூவெல்லாம் கொட்டிவிட்டது. தம்பி அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்கிறான்.

போன தடவை, உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் 3,200 என்று வந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். பஸ்ஸில் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்வரை 1,500-ஐத் தாண்டாத பிள்ளை நீ. இரும்பை வெளியேற்றுகிற மாத்திரையை விடாதேம்மா. தலசீமியா என்கிற ரத்தக் குறைபாட்டுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை உனக்கு ஏற்றுகிற ரத்தத்தோடு சேரும் இரும்பை உடம்பு தானாக வெளியேற்றாது, இதயத்திலும் ஈரலிலும் போய்ப் படியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். எந்த நரம்பு கிடைக்கும் என்று பத்து வயசிலேயே புது நர்ஸுக்குக் கையை நீட்டிக் காட்டியவள். இவ்வளவு தெரிந்த பிள்ளை இப்படிச் செய்யலாமா?

ஹாஸ்டலில் மாத்திரையைக் கரைத்துக் குடிப்பது கஷ்டம்தான். டம்ளர் அடியில் சுண்ணாம்பு மாதிரி நிற்கும், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசிக் குடிக்கணும், அப்புறம் அரைமணி நேரம் சாப்பிடக் கூடாது. பக்கத்துக் கட்டில் பிள்ளை "என்னடி அது?" என்று கேட்காமல் இருக்குமா? தைராய்டு மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். அம்மாவைக் கோபிக்காதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஒருத்தியிடமாவது உண்மையைச் சொல்லிப் பார். தலசீமியா ஒட்டுவாரொட்டி இல்லை, அப்பா அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் வந்தது என்று சொன்னால் போதும்.

கண்டக்டர் உன்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்து அரை டிக்கெட் கிழித்ததையும், பழனி அத்தை கல்யாணப் பேச்சில் சொன்னதையும் நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய். எனக்குத் தெரியும். நள்ளிரவு தாண்டியும் உன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டுகிறது. தூக்கம் வரவில்லையா? உன் வயசில் நிறையப் பிள்ளைகள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். எத்தனை வருஷம்தான் என்ற அலுப்பாம். சிலருக்கு மனச்சோர்வு வரை போகுமாம், அதற்கும் வைத்தியம் இருக்கிறதாம்.

வருகிற சனிக்கிழமை ரத்தம் ஏறி முடிந்ததும் மாடியில் கவுன்சிலர் மேடத்தைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். நீ மட்டும் உள்ளே போ. நான் கேன்டீனில் இருப்பேன். என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். உன்னைக் கேட்காமல் வாங்கினதற்குத் திட்டணும் என்றால் திட்டு. போனை மட்டும் எடு.

மாத்திரை தீருவதற்கு முன்னாலேயே சொல், கூரியரில் போடுகிறேன். விடாமல் போடு.

அப்பா