வகுப்பு தொடங்கப் போகும் வள்ளிக்கு

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் கிடைத்தது. ஜனவரியில் செங்காங் பக்கம் சமூக மன்றத்தில் பரத வகுப்பு தொடங்குகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் சாதாரண நிலைத் தேர்வை எழுதி முடித்துவிட்டாள், வீட்டில் இப்போதுதான் கொஞ்சம் நிம்மதி.

பிள்ளைகள் பயமில்லாமல் கற்கவேண்டும், பரதத்தின் அடிப்படை அசைவான அடவும் சுத்தமாக இருக்கவேண்டும், இரண்டும் சேருமா என்று கேட்டிருந்தாய். சேரும் வள்ளி. நாம் எப்படித் திருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியையே எடுத்துக்கொள். “உட்காரு, இன்னும் உட்காரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு என்ன செய்வதென்று புரியாது. இடுப்பைப் பின்னால் தள்ளும், முதுகு வளையும், முழங்கால் உள்பக்கம் சாயும். பிறகு அதற்கும் திட்டு விழும். கால் திரும்புவது தொடை மூட்டிலிருந்து வரவேண்டும். பாதத்தை மட்டும் பக்கவாட்டில் முழுசாக விரித்தால் முழங்கால்தான் முறுகும், உள்ளங்காலும் உள்பக்கமாகச் சரியும். அதனால் முதலில் விரிப்பைக் குறைக்கச் சொல். முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக நிற்கிற அளவு போதும். அப்புறம் சுவரில் முதுகை வைத்து மெல்ல இறங்கட்டும். முதுகு சுவரை விட்டு விலகுகிற இடம்தான் அவளுடைய இன்றைய ஆழம். தோளைப் பிடித்து அமுக்கி அதற்குக் கீழே இறக்காதே. முழங்கால் வலியோடு வீட்டுக்குப் போகிற பிள்ளை அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லி நின்றுவிடும்.

காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும் நாட்டடவு வந்ததும் தவறுகள் கூட்டமாக வரும். குதிகால் தள்ளி விழும், நீட்டிய கால் மடங்கும், முழங்கை தொங்கும், பார்வை தரைக்குப் போகும். நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றுகூடத் திருந்தாது. கால் சரியாகும்வரை கையைப் பற்றிப் பேசாதே. பலருக்கும் உள்ள தவறை எல்லாருக்கும் பொதுவாகச் சொல், ஒருத்திக்கு மட்டும் உள்ளதை அருகில் போய்த் தணிந்த குரலில் சொல். பாராட்டும் அப்படித்தான். “குட், குட்” என்பது காற்றோடு போய்விடும். “இந்தத் தடவை நீட்டின முழங்கால் மடங்கவே இல்லை” என்றால் வீட்டில் எதைத் திரும்பச் செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கையைத் தூக்கிவிடுவதற்கு முன்னால் “தொட்டுக் காட்டட்டுமா?” என்று கேட்டுவிடு, சின்னப் பிள்ளையானாலும். தாளம் போடும் தட்டுக்கழி தட்டுமணைப் பலகையில் மட்டும் படட்டும்.

வேகம் கூடிய மூன்றாம் காலத்தில்தான் பல பிள்ளைகள் மனம் விடுகிறார்கள். பாதம் தூக்கி அடிக்க நேரம் போதாது, உடம்பு தானாக எழும்பிவிடும். அது சோம்பல் இல்லை. தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தி, எட்டு ஆவர்த்தனச் சுற்றுக்குப் பதில் இரண்டு மட்டும் ஆடவிட்டு, அரைமண்டி கெடாமல் இருந்தால் ஒன்று கூட்டு. தனித்தனியாக முன்னால் நிறுத்தி ஆடச் சொல்வதை இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடு. மூன்று மூன்று பேராக ஆடட்டும்.

வரிசையை வாராவாரம் மாற்று. இல்லாவிட்டால் பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் இருப்பவளைப் பார்த்தே ஆடுவார்கள், தாளச் சொல்லைக் கேட்டு ஆடப் பழகவே மாட்டார்கள். ஒரே பிள்ளை நிரந்தரமாக நடுவில் நிற்பது மற்றவர்களுக்கு என்ன சொல்கிறது என்று உனக்கே தெரியும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் தனிக் கவனம் வேண்டும். தொடக்கநிலை 6-இல் பிஎஸ்எல்இ இறுதித் தேர்வு என்று பல மாதம் வரமாட்டார்கள். அதே சமயத்தில்தான் பெண்பிள்ளைகள் விறுவிறுவென்று வளர்கிறார்கள். திரும்பி வரும்போது கால் நீண்டிருக்கும், சமநிலை தவறும், முன்பு எளிதாக வந்தது வராது. கீழ் வகுப்புக்கு அனுப்பினால் பெரும்பாலும் நின்றுவிடுவார்கள். பழைய தோழிகளோடே நிற்கட்டும், ஒரு மாதம் மெதுவான முதல் காலம் மட்டும் ஆடட்டும். உடல் இப்படி மாறுவது இயல்பு என்று வாய்விட்டுச் சொல். உடைக்கு அளவெடுக்கும்போது தனியாக அழைத்து எடு, எண்ணை உரக்கப் படிக்காதே. பருமன், நிறம் பற்றிய பேச்சு, செல்லமாகக்கூட, வகுப்புக்குள் வேண்டாம்.

அம்மாக்களையும் மறக்காதே. இங்கே பரதம் பழையது. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-இல் வந்தது, பாஸ்கர் ஆர்ட்ஸ் அகாடமி 1952-இல். உன் மாணவிகளின் அம்மாக்கள் சிலர், ஏன், பாட்டிகளும்கூட ஆடினவர்களாக இருப்பார்கள். “அவள் ஜதிஸ்வர உருப்படிக்குப் போய்விட்டாளே, என் மகள் எப்போது?” என்ற கேள்வி வாசலில் நிச்சயம் வரும். பிள்ளை காதுபட பதில் சொல்லாதே, வேறு நேரம் கொடு. வாட்ஸ்அப் குழுவில் தனி ஒரு பிள்ளை ஆடும் காணொளியும் வேண்டாம், ஒப்பீடு அங்கேதான் தொடங்கும்.

அறையை ஒருமுறை வெறுங்காலோடு தட்டிப் பார். காங்கிரீட்மேல் ஓடு பதித்த தரையென்றால் தட்டடவை நீளமாக ஓட்டாதே, குதித்து மெட்டடவைக் குறைத்துக்கொள், முன்காலெலும்பு வலி எடுத்துவிடும். ஏர்கானை 25-க்குக் கீழே விடாதே, குளிரில் தசை இறுகிப்போகும்.

தரை எப்படி, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று எழுது. பன்னிரண்டு பேருக்கு மேலென்றால் இரண்டு வேளையாகப் பிரித்துவிடலாம். அடவுக்குச் சொல்லும் முதல் காலச் சொற்கட்டு எல்லாவற்றையும் நான் பதிவு செய்து அனுப்புகிறேன், பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பழக உதவும்.

அன்புடன்,
மீனா