பேப்பரில் மிச்சம் பிடிக்காதீர்கள்: வைண்டிங் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை வட்டாரத்தில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் (கம்பிச் சுருள்) கட்டித் தரும் வைண்டிங் கடை நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

போன கோடையில் ஒரு விவசாயி 5 எச்.பி. மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேறொரு கடையில் காயில் கட்டி நான்கு மாதம்கூட ஆகவில்லையாம். பிரித்துப் பார்த்தேன். கம்பி நல்ல கம்பி, குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்லாட்டுக்குள் (காயில் உட்காரும் இரும்புக் காடி) கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே இன்சுலேஷனாகப் போட்டிருந்தது சாதா லெதராய்டு பேப்பர். தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. லீடு ஒயரில் மாட்டியிருந்த பிவிசி ஸ்லீவ் உருகி ஒட்டிக் கிடந்தது. நேம் பிளேட்டிலோ ‘கிளாஸ் எஃப்’ என்று தெளிவாக இருக்கிறது.

கிளாஸ் என்பது இன்சுலேஷன் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான தரம். கிளாஸ் எஃப் என்றால் 155 டிகிரி வரை தாங்க வேண்டும். பி 130, எச் 180. லெதராய்டு வார்னிஷில் நன்றாக ஊறியிருந்தால்கூட 105தான். எது முதலில் கருகுமோ அதன் கிளாஸ்தான் அந்த மோட்டாரின் கிளாஸ். விலை உயர்ந்த கம்பி போட்டும் என்ன பயன்?

கம்பெனியில் சுற்றுப்புறச் சூடு 40 டிகிரி என்று வைத்துத்தான் மோட்டாரை வடிவமைக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அது சுலபமாகத் தாண்டிவிடும். அப்புறம் லோ வோல்டேஜ். வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் 20 சதவீதம் கூடினால் கம்பியில் பிறக்கும் சூடு 44 சதவீதம் கூடும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது நம் தொழிலின் பழைய கணக்கு.

விவசாயி விலையைக் குறைக்கச் சொல்கிறார் என்பீர்கள். உண்மைதான். ஆனால் உள்ளே என்ன பேப்பர் போகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் தண்ணீர் இல்லாமல் நிற்பது பயிர் வாடும் நேரத்தில். அந்த முகத்தைப் பார்த்தபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எஃப் மோட்டார் வந்தால் எஃப் கிளாஸ் டி.எம்.டி. பேப்பரும் (பாலியஸ்டர் அடுக்குகள் ஒட்டிய இன்சுலேஷன் தாள்) ஃபைபர் கிளாஸ் ஸ்லீவும் போடுங்கள். வார்னிஷும் அதே கிளாஸில் இருக்கட்டும். என்ன போட்டோம் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். வார்னிஷை பிரஷ்ஷால் தடவி வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் காயும். உள்ளே காற்று நிற்கிற இடத்தில் சூடு வெளியேற வழியில்லை. காயிலை முக்கி எடுத்து ஓவனில் சுட வேண்டும். ஓவன் இல்லாத சின்னக் கடைக்காரர்கள் ஸ்டேட்டரை (காயில் கட்டிய, மோட்டாரின் சுழலாத பகுதி) என் கடைக்குக் கொண்டுவாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஓவன் சும்மாதான் இருக்கிறது. வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
சூலூர் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு வைண்டிங்காரன்