நீ கேட்ட பல்பொடி

பென்னாகரம்,
தருமபுரி மாவட்டம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. டில்லிக் குளிரில் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது, நம் வீட்டுப் பல்பொடியை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். அதை அனுப்பப் போவதில்லை. உப்பும் கரியும் சேர்த்து இடித்த அந்தப் பொடியை எவ்வளவு சலித்தாலும் நறநறப்பு போகாது. கூசும் பல்லில் அதைத் தேய்த்தால் பல்லின் கடினமான மேல்படலமான எனாமல் மேலும் தேய்ந்து, ஈறும் இறங்கிவிடும். எனாமலுக்கு அடியில் உள்ள பகுதியில் நுண்ணிய குழாய்கள் உண்டு. அவை வெளியே தெரியத் தொடங்கியபின், குளிர்ச்சி பட்டதும் அவற்றினுள் இருக்கும் நீர்மம் அசைந்து நரம்பைத் தூண்டுவதால்தான் கூசுகிறது என்று பல் மருத்துவம் விளக்குகிறது.

ஆயுர்வேதம் இதனைத் தந்தஹர்ஷம் என்கிறது. குளிர்ச்சி, சூடு, தொடுதல் ஆகியவற்றைப் பற்கள் பொறுக்காத நிலை என்று விவரிக்கும் சுசுருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூல், வாத, பித்த, கபம் என்னும் மூன்றில் ஒன்றான வாதத்தால் வருவதாகக் கூறுகிறது. புளிப்பு மிகுந்தால் பல் கூசும் என்பது சரக சம்ஹிதையிலும் உள்ளது. புளியும் மாங்காயும் விளையும் மண்ணில் பிறந்த உனக்கு அந்தச் சுவையை விடுவது கடினம் என்று அறிவேன். விடவும் வேண்டாம், தின்றதும் தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்தே பல் துலக்கு. புளிப்பால் இளகிய எனாமலை உடனே துலக்கினால் எளிதில் தேயும்.

வாதத்திற்கு எள்ளையே நம் மருத்துவம் முதலில் நாடுகிறது. தந்தஹர்ஷத்திற்கும் ஆடும் பல்லுக்கும், எள் விழுதைக் கரைத்த நீரை வெதுவெதுப்பாகவோ குளிர்ச்சியாகவோ வாயில் வைத்திருப்பது நல்லது என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். கூசும் உனக்கு வெதுவெதுப்பே ஏற்றது. எள் அரைக்க நேரமில்லாத நாளில், காலையில் வெறும் வயிற்றில் செக்கு நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சில நிமிடங்கள் மெல்லக் கொப்பளித்துத் துப்பு, விழுங்காதே. நாட்டு மருந்துக் கடைகளில் அரிமேதாதி தைலம் என்ற, பல்லுக்கும் வாய்க்குமான ஆயுர்வேத எண்ணெய் கேட்டால் கிடைக்கும், அதையும் இவ்வாறே பயன்படுத்துவார்கள். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். கலக்காமல் தடவினால் ஈறு வெந்துவிடும்.

இவையெல்லாம் கூச்சத்தைத் தணிக்கலாமே தவிர, தேய்ந்த எனாமலை வளர்க்கா, சொத்தையையும் அடைக்கா. ஆகவே கூச்சத்திற்கென்று விற்கும், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையை மென்மையான பிரஷ்ஷில் வைத்துத் தினம் இருவேளை துலக்கு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதில் புளோரைடு இருக்கிறதே என்று அஞ்சாதே. நம் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளோரைடால் பல் காவியேறியவர்களைக் கண்டு வளர்ந்தவள் நீ. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததும் அதற்காகத்தான். ஆனால் அந்தக் கறை, பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் உடலுக்குள் செல்லும் மிகுதியான புளோரைடால் வருவது. வளர்ந்துவிட்ட உன் பற்களைத் துலக்கித் துப்பும் பசை அவ்வாறு செய்யாது. அது எனாமலுக்கு வலுவூட்டும்.

இன்னொன்று. எல்லாப் பற்களும் கூசுகின்றனவா, ஒரே பல்லா என்று நீ சொல்லவில்லை. ஒரே பல்லானால், அல்லது தண்ணீர் குடித்து முடித்தபின்னும் வலி நீடித்தால், இரவில் எழுப்பினால், கடிக்கும்போது குத்தினால், எண்ணெயை நம்பிக் காத்திராமல் இந்த வாரமே பல் மருத்துவரைப் பார். அவர் சொன்னதை எனக்கு எழுது. நல்லெண்ணெயும் வெள்ளை எள்ளும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா