சலுகைக்காகவா மாறினோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரளக் கன்னியாஸ்திரீகள் இருவர் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் 2025 ஜூலை 25 அன்று கைதானதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆள்கடத்தல், கட்டாய மதமாற்றம் என்ற குற்றச்சாட்டுகளின்பேரில் ஆகஸ்ட் 2 வரை அவர்கள் சிறையிலிருந்ததைக் கட்டுரையாளர் பரிவோடுதான் எழுதியிருந்தார். ஆனால் முடிவில், "சலுகைக்காக மதம் மாறுகிறவர்கள் இருக்கும்வரை இத்தகைய சட்டங்கள் தேவையே" என்று ஒரு வரி எழுதிவிட்டார். அந்த வரிக்குப் பிறகு பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன்.

கேரளத்தின் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் நான். என் அப்பா ஞானஸ்நானம் பெற்றார். சித்தப்பா சுடலைமாடனோடு இருந்துவிட்டார். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணியின் வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் கொட்டாங்கச்சியில்தான் காப்பி ஊற்றினார்கள்; யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாதிச் சான்றிதழுக்காக, 1950க்கு முன்பே இங்கே குடியேறியதற்கு ஆதாரம் கேட்டபோது, தாத்தாவின் பெயர் இருந்த ஒரே செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பதிவேடு) தாளின் நகலைத்தான் நானும் சித்தப்பா மகனும் கொடுத்தோம். அவனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைத்தது. என் விண்ணப்பத்தில் ஞானஸ்நானப் பெயரைக் கண்ட அலுவலர், "நீங்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டீர்கள்" என்று தாளைத் திருப்பித் தந்தார். கேரள அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு 8 சதவீதம். அதே சாதிகளிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு 1 சதவீதம். சலுகைக்காக மாறியவர்கள் பெற்றது இதுதான் ஐயா.

பட்டியல் சாதிகள் குறித்த 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது; இது தாங்கள் அறியாததல்ல. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த அந்தக் கதவு எங்களுக்கு இன்றுவரை திறக்கவில்லை. மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியையே நீக்கச் சொன்னது. எங்களையும் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023இல் ஆந்திர, தமிழகச் சட்டமன்றங்கள் இரண்டும் தீர்மானம் நிறைவேற்றின. மனசாட்சிச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. அதைக் கையாண்டதற்கு விலையாக மூன்றாம் பத்தி எங்கள் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் வாங்கிக்கொள்கிறது. அடியும் சிறையும் மட்டுமா துன்புறுத்தல்? நாங்கள் நம்பிப் போன கோயிலிலும் எங்களுக்குப் பின்வரிசையும் கல்லறைத் தோட்டத்தின் மூலையும்தான் கிடைத்தன என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்படியிருந்தும் அப்பா திரும்பிப் போகவில்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சான்றிதழ் கிடைக்க வழி பிறந்திருக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இருபத்தேழு ஆண்டுகளாகத் தங்கள் இதழைச் சந்தா கட்டி வாங்கி வருகிறேன். அடுத்த இதழில் "சலுகைக்காக" என்ற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பீருமேடு வட்டம், இடுக்கி மாவட்டம்.